குடலுக்குள் ஒரு சதுப்பு நிலம்

முத்துப்பேட்டைக்கு நீங்கள் போனதுண்டா? திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், காவிரியின் கடைமடையில் அமைந்த ஊர் அது. அருகிலுள்ள ஜாம்புவானோடையில் படகேறிக் கோரையாற்றின் வழியே சென்றால், சிறிது நேரத்தில் இரு கரைகளிலும் அலையாத்திக் காடு தொடங்கிவிடும். இன்னும் சென்றால் ஆறு அகன்று பெரிய காயலில் கலக்கும். பாமணியாறும் இங்கேதான் வந்து சேர்கிறது. காயலுக்கு அப்பால் பாக் நீரிணை.

படகைக் கரையோரம் நிறுத்தி, சேற்றை ஒரு கழியால் கிளறிப் பாருங்கள். அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவின் நாற்றம். அந்த வாயுவை உண்டாக்குபவை சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்.

மரங்களைச் சுற்றிலும் பாருங்கள். சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. இவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லை. ஆகையால் இம்மரங்களின் வேர்கள் காற்றைத் தேடி வெளியே தலை நீட்டுகின்றன.

ஆக்ஸிஜன் இல்லாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் மட்டும் எப்படி வாழ்கின்றன? அவற்றுக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை. அவற்றுள் பலவற்றுக்கு அது நஞ்சும்கூட! மரத்திலிருந்து விழும் இலைகளையும் ஆறு அடித்துவரும் கழிவுகளையும் இவை சிதைக்கின்றன. சிதைந்த பொருள் சிற்றுயிர்களுக்கு இரையாகிறது. சிற்றுயிர்களை இறாலும் நண்டும் மீனும் தின்கின்றன. முத்துப்பேட்டை மீனவரின் வலையில் விழும் இறாலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பாளிகள் இருக்கிறார்கள்.

இதைப் போன்ற ஒரு சதுப்பு நிலம் உங்கள் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சோற்றின் பயணம்

நாம் உண்ணும் சோற்றைப் பின்தொடர்ந்து செல்வோம். வாயில் உமிழ்நீரும், இரைப்பையில் அமிலமும் அதனுடன் கலக்கின்றன. பிறகு அது சிறுகுடலை அடைகிறது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயில்தான் சீரணத்தின் பெரும்பகுதி நடைபெறுகிறது. சோற்றிலுள்ள மாவுப்பொருளை நொதிகள் குளுக்கோஸாக உடைக்கின்றன. குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்கிறது.

ஆனால் எல்லாம் சீரணமாகிவிடுவதில்லை. கீரையின் நார், பயற்றின் தோல், நொதிகளுக்கு மசியாத சிறிதளவு மாவுப்பொருள் ஆகியவை எஞ்சி நிற்கின்றன. இவை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குள் தள்ளப்படுகின்றன.

இதுதான் நம் சதுப்பு நிலம். இருள், வெதுவெதுப்பு, ஈரம். ஆக்ஸிஜன் மிக மிகக் குறைவு. மேலிருந்து இடைவிடாமல் மிச்ச உணவு வந்துகொண்டிருக்கும். பாக்டீரியாக்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு மனித உடலில் எத்தனை பாக்டீரியாக்கள் உள்ளன? நம் உடல் செல்களைப்போல் பத்து மடங்கு என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2016-ஆம் ஆண்டில் இஸ்ரேலையும் கனடாவையும் சேர்ந்த விஞ்ஞானிகள் மூவர் இதை மீண்டும் கணக்கிட்டார்கள். சராசரி மனிதனின் உடலில் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி! இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 200 கிராம்தான் இருக்கும்.

வாடகை கொடுக்கும் குடியிருப்போர்

இவை நம் செலவில் சும்மா தின்றுகொண்டிருக்கின்றனவா? இல்லை. எஞ்சிய மாவுப்பொருளையும் நாரையும் இவை நொதிக்கச் செய்யும்போது மூன்று முக்கியமான அமிலங்கள் உண்டாகின்றன. அவை அசெட்டிக் அமிலம், புரோபியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம். முதலாவது, வினிகரின் புளிப்புக்குக் காரணமானது. மூன்றாவது, கெட்டுப்போன வெண்ணெயின் நெடிக்குக் காரணமானது. இவற்றைக் 'குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்' என்பர்.

பெருங்குடலின் உட்சுவரிலுள்ள செல்களுக்குப் பியூட்டிரிக் அமிலமே தலையாய உணவு. மற்றச் செல்கள் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை நம்பியிருக்க, இவையோ பாக்டீரியாக்கள் சமைத்துத் தருவதை உண்டு வாழ்கின்றன! அதோடு முடியவில்லை. இந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது, அவற்றுடன் சோடியமும், சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் வருகின்றன.

இந்த நீர்க் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். நாம் அருந்தும் நீரும், உமிழ்நீர், பித்தநீர் போன்ற சுரப்புகளும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் நீர் குடலுக்குள் பாய்கிறது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிவிட, ஒன்றரை லிட்டர் அளவு பெருங்குடலை அடைகிறது. அதிலும் பெரும்பகுதியைப் பெருங்குடல் மீட்டுவிடுகிறது. 100 முதல் 200 மில்லி வரையே மலத்துடன் வெளியேறுகிறது. தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 4, 5 லிட்டர் வரைகூடப் பெருங்குடலால் உறிஞ்ச முடியும். கடைமடையில் கட்டிய கடைசி அணை என்று இதைச் சொல்லலாம்.

இந்த அணை உடைந்தால் என்ன ஆகும்?

காலரா

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் தொடக்கத்தில், இதே காவிரிப் படுகையின் கடற்கரையிலுள்ள காரைக்காலில் காலரா பரவியது. பேதியாலும் வாந்தியாலும் துன்புற்ற மக்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பாட்டி காலத்துக் கதை என்று நாம் நினைத்திருந்த நோய், நம் வாசலிலேயே வந்து நின்றது.

காலராக் கிருமி, கழிவுநீர் கலந்த குடிநீர் வழியே உடலுக்குள் நுழைகிறது. அது குடலைத் தின்பதில்லை, புண்ணாக்குவதுமில்லை. ஒரு நச்சுப்பொருளை மட்டும் வெளியிடுகிறது. அப்படியொரு நஞ்சு உண்டு என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற இந்திய விஞ்ஞானி நிலைநாட்டினார். அந்த நஞ்சு சிறுகுடலின் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வீதம்கூட நீர் போகலாம். காலையில் நன்றாயிருந்தவர் மாலைக்குள் இறந்துவிடக் கூடும். இரத்தத்தின் நீர் வற்றிப்போவதே மரணத்துக்குக் காரணம்.

ஆனால் அந்த நஞ்சு ஒரு வாசலை மட்டும் அடைப்பதில்லை. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே வரும் வழி ஒன்று உண்டு. காலராவிலும் அந்த வழி திறந்தே இருக்கும். ஆகவே உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால், அவை உள்ளே போகும். நீரும் தொடர்ந்து போகும். 1968-இல் டாக்காவில் நடந்த ஆய்வு இதை மெய்ப்பித்தது.

1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போங்காவ் என்ற எல்லையூரில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றுவதற்கான உப்புநீர்ப் புட்டிகள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் துணிந்து, பெரிய உருளைகளில் உப்புச் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். நோயாளிகளுக்கு அவர்களின் உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்கு பேருக்கும் குறைவாக ஆயிற்று! அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு, மறைவுக்குப் பின் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வேலூரில் எழுந்த கேள்வி

உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கிறது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. இழந்த நீரை அது ஈடு செய்கிறதே தவிர, பேதியை நிறுத்துவதில்லை. குழந்தைக்குப் பேதி நிற்காததைக் காணும் தாய், "இந்தத் தண்ணியால் ஒரு பயனும் இல்லை" என்று எண்ணிக் கரைசலைக் கொடுப்பதையே நிறுத்திவிடக் கூடும். அந்த இடத்தில்தான் உயிருக்கு ஆபத்து வருகிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களை ஆராய்ந்த டாக்டர் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் டாக்டர் வி. ஐ. மத்தனும் வேறொரு திசையில் சிந்தித்தார்கள். எல்லோரும் சிறுகுடலையே பார்க்கிறார்களே, பெருங்குடல் என்ன செய்துகொண்டிருக்கிறது?

அவர்கள் கண்டது இது: கடும் பேதியின்போது பெருங்குடலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை. நீரை உறிஞ்ச வேண்டிய அது, உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. பேதி கண்டவர்களின் மலத்தில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் குறைந்திருந்தன. வெள்ளம்போல் ஓடும் நீர் பாக்டீரியாக்களை அடித்துச் செல்கிறது, நோயாளி உண்பதுமில்லை. உணவில்லாத பாக்டீரியாக்கள் அமிலத்தை எங்கிருந்து தரும்? அந்த அமிலங்களைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்த்தபோது, அது மீண்டும் நீரை உறிஞ்சத் தொடங்கிற்று. இம்முடிவுகள் 1993-இல் வெளியாயின.

அப்படியானால் அமிலத்தைக் குடிக்கக் கொடுக்கலாமா? பயனில்லை. அது பெருங்குடலை எட்டுவதற்கு முன்பே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே அவர்கள் ஒரு சுற்றுவழியைக் கண்டார்கள். சிறுகுடலின் நொதிகளுக்கு மசியாத மாவுப்பொருளைக் கொடுத்தால், அது சேதமில்லாமல் பெருங்குடலை அடையும். அங்கே எஞ்சியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உண்டு, வேண்டிய அமிலத்தைத் தாமே தயாரித்துத் தரும்!

இதற்கு 'அமிலோஸ்' என்னும் மாவுப்பொருள் மிகுந்த ஒருவகை மக்காச்சோள மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரேலிய, அமெரிக்க விஞ்ஞானிகளும் இதில் ஒத்துழைத்தனர். காலரா கண்ட 48 பேர், ஒவ்வொன்றிலும் 16 பேராக மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்கு வழக்கமான கரைசல். இரண்டாம் குழுவுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாம் குழுவுக்கு 50 கிராம் அந்த மக்காச்சோள மாவு.

விளைவு என்ன? வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவுக் குழுவில் 71 மணி நேரம். மசியாத மாவுப்பொருள் பெற்றவர்களுக்கோ 57 மணி நேரத்தில் நின்றுவிட்டது! 2000-ஆவது ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியாயிற்று. பின்னர் வேலூரிலேயே குழந்தைகளிடம் நடத்திய ஆய்விலும் பேதி நீடிக்கும் நேரம் குறைந்தது. அது 2006-இல் வெளியாயிற்று.

இதில் நுட்பம் ஒன்றைக் கவனித்தீர்களா? வேலூர் மருத்துவர்கள் வெளியிலிருந்து பாக்டீரியா எதையும் கொடுக்கவில்லை. உள்ளே இருந்த பாக்டீரியாக்களுக்குச் சோறு போட்டார்கள். அவ்வளவுதான்.

தயிரும் மாத்திரையும்

நல்ல பாக்டீரியாக்களையே விழுங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இது நூறாண்டுக்கு மேற்பட்ட கேள்வி.

பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய எலி மெச்னிகாஃப், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டு உழவர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்று அவர் கருதினார். பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்கி நம்மை முதுமையடையச் செய்கின்றன. புளித்த பாலின் பாக்டீரியாக்கள் அவற்றை அடக்குகின்றன என்பது அவர் கொள்கை. பெருங்குடலே மனிதனுக்குத் தேவையற்ற உறுப்பு என்றும் அவர் எண்ணினார். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இப்போது நாம் அறிவோம். ஆனால் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உண்டு என்று அவர் சொன்னது மறையவில்லை. 1930-இல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா, இரைப்பை அமிலத்தையும் தாங்கி நிற்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935 முதல் அது பானமாக விற்பனைக்கு வந்தது.

இத்தகையவற்றை இன்று 'புரோபயாட்டிக்' என்கிறார்கள். போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது இதன் பொருள். பாக்டீரியாக்களின் உணவை, அதாவது மசியாத மாவுப்பொருள் போன்றவற்றை, 'பிரீபயாட்டிக்' என்பர்.

புரோபயாட்டிக் என்று அச்சிட்ட எதுவும் எந்த நோயையும் தீர்த்துவிடுமா? தீர்க்காது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். பேதியால் துன்புற்ற 971 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மிகவும் பெயர் பெற்ற லாக்டோபாசில்லஸ் வகையொன்றைக் கொடுத்தார்கள். மறு பாதிக்குப் பாக்டீரியா இல்லாத வெறும் மருந்துபோன்ற பொருள். இரு சாராருக்கும் பேதி ஏறத்தாழ 50 மணி நேரமே நீடித்தது. வேறுபாடு இல்லை! அதே ஆண்டு வெளியான கனடா ஆய்வும், வேறு வகைப் பாக்டீரியாக்களைக் கொண்டு, அதே முடிவுக்கு வந்தது.

இதற்கு மாறான செய்தி நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. ஒடிசாவில் 149 கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் டாக்டர் பினாகி பாணிக்கிரஹி குழுவினர் ஆய்வு நடத்தினார்கள். பாதிக் குழந்தைகளுக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவையும், அது உண்பதற்கான ஒருவகைச் சர்க்கரையையும் சேர்த்து ஏழு நாட்கள் கொடுத்தார்கள். பச்சிளங் குழந்தைகளைக் கொல்லும் இரத்த நச்சேற்றமும் மரணமும் மற்றக் குழுவில் 100-க்கு 9 ஆக இருக்க, இந்தக் குழுவில் 5.4 ஆகக் குறைந்தது. 2017-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று.

ஒன்றில் பயனில்லை, மற்றொன்றில் பெரும்பயன். ஏன் இந்த வேறுபாடு? பாக்டீரியாவின் வகை வேறு, நோய் வேறு, குழந்தையின் வயது வேறு. பிறந்த குழந்தையின் குடல், இன்னும் குடியேற்றம் முடியாத ஊர். வளர்ந்த குழந்தையின் குடலோ நிறைந்த ஊர். புதிதாய் வருபவருக்கு அங்கே இடம் எளிதில் கிடைக்காது. எந்தப் பாக்டீரியா, எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தே அறிய வேண்டும். கடையில் தரும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் வாங்கி விழுங்குவதில் பொருளில்லை.

இயற்கையோ இந்தப் பாடத்தை முன்பே கற்றுவைத்திருக்கிறது. தாய்ப்பாலில் சில வகைச் சர்க்கரைகள் உள்ளன. அவற்றைக் குழந்தையால் சீரணிக்க முடியாது. பின் எதற்காக அவை? குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்காக! தாய் தன் குழந்தைக்கு மட்டுமன்றி, அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் சேர்த்தே பாலூட்டுகிறாள்.

பழைய சோறு மருந்தா?

இரவு மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்பது தஞ்சைத் தரணியில் வழிவழி வந்த வழக்கம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் நீராகாரம் குடித்துவிட்டே வயலில் இறங்குவார்கள்.

இரவில் அந்தப் பானைக்குள் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, சோறு ஆறும்போது மாவுப்பொருளின் நீண்ட மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி இறுகிக்கொள்கின்றன. இறுகியவை நொதிகளுக்கு எளிதில் மசிவதில்லை. இதனால் பெருங்குடலுக்குப் போகும் பங்கு சிறிது கூடுகிறது. இரண்டாவது, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கச் செய்கின்றன. ஆக, பாக்டீரியாவும் அதன் உணவும் ஒரே பானையில்!

ஆனால் மிகைப்படுத்திவிடக் கூடாது. ஆறிய சோற்றில் மசியாத மாவுப்பொருள் 100 கிராமுக்கு ஒன்று, ஒன்றரை கிராம் அளவே. வேலூர் நோயாளிகள் பெற்றதோ கரைசலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 50 கிராம். ஆகவே பழைய சோறு நல்ல உணவு, காலராவுக்கு மருந்தல்ல. நீரூற்றாமல் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சோற்றில் தீய பாக்டீரியாக்கள் பெருகி வாந்தியை உண்டாக்குவதும் உண்டு. கொழகொழத்துப்போன சோற்றையும், வழக்கமான புளிப்பு மணமின்றிக் கெட்ட வாடை வீசும் சோற்றையும் கொட்டிவிட வேண்டும். ஊற்றும் நீர் சுத்தமான குடிநீராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

செய்து பாருங்கள்

ஒன்று: காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலை மூன்று தம்ளர்களில் ஊற்றுங்கள். முதல் தம்ளரில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி தயிர். மூன்றாவதில், நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தயிர் அரைத் தேக்கரண்டி. மூடி வைத்து ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எது தயிராயிற்று? புரோபயாட்டிக்குக்குச் சொன்ன விளக்கத்தில் 'உயிருள்ள' என்ற சொல் ஏன் இருக்கிறது என்பது புரியும்.

இரண்டு: செம்பருத்திப் பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை வடித்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் குடிநீர், மற்றொன்றில் நீராகாரம், மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டுகள் விடுங்கள். அமிலம் இருந்தால் நிறம் சிவப்பை நோக்கி மாறும். உங்கள் வீட்டுப் பானையில் இரவெல்லாம் பாக்டீரியாக்கள் வேலை செய்ததற்கு அதுவே சான்று.

வீட்டில் ஒருவருக்குப் பேதியானால்

1980-களின் தொடக்கத்தில் பேதியால் ஆண்டுதோறும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உலகெங்கும் இறந்துகொண்டிருந்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும், தூய குடிநீரும், தடுப்பூசியும் பரவியதால் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆயினும் இன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் படிக்கும் நீங்கள் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும். எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். அதில் அச்சிட்ட அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடக் கூடாது. சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். பேதி உடனே நிற்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். கரைசலின் வேலை நீரை ஈடு செய்வது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். பட்டினி போட்டால் குழந்தையோடு பெருங்குடலின் உழைப்பாளிகளும் பட்டினி கிடக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும் அல்லவா? கண்கள் குழி விழுந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

முத்துப்பேட்டையின் சதுப்பு நிலம் வாழ, காவிரியில் நல்ல நீர் வர வேண்டும். காட்டின் இலைகள் விழ வேண்டும். நம் வயிற்றின் சதுப்பு நிலத்துக்கும் அவ்வளவே தேவை: சுத்தமான நீர், கீரை, பயறு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் என்று நார் மிகுந்த உணவு. இன்று மதியம் தட்டில் கீரையை ஒதுக்கி வைக்கும்போது, அதற்காக உள்ளே 38 லட்சம் கோடிப் பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!